பழைய கமராக்களும் ஒளிமானியும்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்கள் முன்னதாக, எம்மிடம் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் கையில் ஒரு பிஸ்கற் பேணி இருந்தது. மூடியைத் திறந்தபோது, பழைய வேட்டித் துண்டிற் சுற்றப்பட்ட இரண்டு கமராக்கள் உள்ளே கிடந்தன. காலஞ்சென்ற அவனுடைய அப்பப்பாவின் உடைமைகள் அவை.

“சேர், இந்த ரெண்டிலை எதாலை படமெடுத்தால் நல்லாய் வரும்?” என்று கேட்டான்.

கைத்தொலைபேசி இருக்க இவை எதற்கு என்று நாம் வினவினோம். “அப்பாச்சிக்கு அது வேண்டாமாம், சேர். கையிலை பிடிச்சுப் பாக்கிற படம் வேணுமாம். அப்பப்பா எடுத்த மாதிரி எடுக்கட்டாம்” என்றான். அப்பாச்சிக்கு வயது எண்பத்தெட்டு. ஆதலின் விடையை ஆறப்போடுதற்கு இல்லை.

கமராக்களை மேசைமேல் வைத்துப் பார்த்தோம். ஒன்று சோவியத் நாட்டில் ஆக்கப்பட்ட கியெவ் 4. மற்றையது ஜப்பானின் கெனனெற் கியூ.எல். 17, மூன்றாம் வார்ப்பு. 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டுமே தூரமானிக் கமராக்கள். இவ்வகையில் கண்ணாடி எழுந்து விழும் ஓசை கிடையாது. முன்முகத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒன்றன் வழியாகக் காணும் உருவத்தின்மீது மற்றதன் வழியாக வரும் உருவம் மங்கலாக விழுகின்றது. வில்லையைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி ஒன்றாகின்றன. ஒன்றானவிடத்துப் படம் கூர்மையாகும். நில அளவையாளர் முக்கோணத்தால் தூரம் காணும் முறையே இது. சாளரங்களின் இடைவெளி கூடக் கூட அளவையும் நுட்பமாகும். கியெவ்வில் அவ்விடைவெளி 90 மில்லிமீற்றர். அதனினும் விலையுயர்ந்த லைக்கா எம் 3இல் ஏறக்குறைய 69 மில்லிமீற்றரே. ஆனால் கியெவ்வைப் பிடிக்கும் புதியவர் எவரும் வலக்கை விரலால் அந்தச் சாளரத்தை மறைத்துவிட்டு, உருவம் காணவில்லையே என்று அலமருவர். அம்மாணவனும் அவ்வாறே செய்தான். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தவரே.

தூரம் காண்பதில் இரண்டும் நல்லனவே. வேறுபாடு ஒளியை அளப்பதில் இருந்தது.

கியெவ்வின் நெற்றியில் ஒரு சிறு மூடி உண்டு. அதனைத் திறந்தால் தேனடை போன்ற கண்ணாடியும், அதன் பின்னே செலீனியம் பூசிய தகடும் உள்ளன. மாணவன் மூடியைத் திறந்தான்; யன்னலின் பக்கமாகத் திருப்பினான்; மேலே இருந்த முள் மெல்ல எழுந்து நின்றது. “பற்றரி எங்கை, சேர்?” என்றான். பற்றரி இல்லை. செலீனியத்தின்மீது ஒளி விழும்போது அதுவே சிறு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கின்றது. அந்த ஓட்டமே முள்ளை நகர்த்துகின்றது. ஜேர்மனியின் கொன்ராக்ஸ் கமரா தன் மூன்றாம் வார்ப்பில், 1936ஆம் ஆண்டில், இத்தகைய ஒளிமானியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கொன்ராக்ஸின் கருவிகளும் உறுப்புகளும் போர் இழப்பீடாகக் கியெவ் நகரத்து ஆர்சனல் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே பிறந்த உடன்பிறப்பே நம் மேசைமேல் இருந்தது. முள் காட்டும் அளவைக் கண்ணால் வாசித்து, ஷட்டர் வேகத்தையும் துவாரத்தையும் கையால் நாமே வைத்தல் வேண்டும். ஒளிமானிக்கும் ஷட்டருக்கும் இடையே எவ்விதத் தொடுப்பும் இல்லை. ஒளிமானி இறந்தாலும் கமரா இறவாது.

கெனனெற்றின் அடிப்புறத்து மூடியைத் திறந்தோம். பச்சைப் பாசி பிடித்தாற்போல் உள்ளே உப்புப் பூத்திருந்தது. எப்போதோ இட்ட பற்றரி கசிந்து உலர்ந்த அடையாளம்.

பற்றரி என்றதும் எமக்கு வேறொரு காலம் நினைவுக்கு வந்தது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லாத காலம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பார். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும். அக்காலத்தில் எமது சின்னமாமா விட்டுச்சென்ற கமரா ஒன்று வீட்டில் இருந்தது. அவர் எழுபதுகளில் மாஸ்கோவில் பயின்றவர். அங்கிருந்து கொண்டுவந்த கியெவ் 4 அது. பற்றரி கேளாத கருவி என்பதால் எமக்கு அதன்மீது பெரும் மதிப்பு. மூடியைத் திறந்து முள் எழுவதைப் பார்த்திருப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது.

1994ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, எமது பதின்மூன்றாம் வயதில், ஆச்சியைப் படம் எடுத்தோம். படச்சுருள் கிடைத்தற்கரியது, உறவினர் ஒருவர் வைத்திருந்த ஒரே சுருளில் எஞ்சிய சில படங்களே எமக்கு வாய்த்தன. பொங்கலுக்காக வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. முற்றத்தில் வெண்மணல் பரப்பியிருந்தது. ஆச்சி வெள்ளைச் சேலையுடன் தாழ்வாரத்து நிழலில், சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார். நாம் முற்றத்து வெயிலில் நின்று மூடியைத் திறந்தோம். முள் துள்ளி உயர்ந்தது. அது சொன்னபடியே துவாரத்தைச் சுருக்கி, ஷட்டரை விரைவுபடுத்தி, மூச்சை அடக்கிப் படத்தை எடுத்தோம். விஞ்ஞானம் பயிலும் பிள்ளை என்ற பெருமிதம் வேறு.

படம் கையில் கிடைக்கப் பல கிழமைகள் சென்றன. அதில் மணல் இருந்தது, சுவர் இருந்தது, சேலையின் மடிப்புக்கள்கூட இருந்தன. ஆச்சியின் முகம் இருந்த இடத்தில் இருள் மட்டுமே இருந்தது.

கமராவின் குற்றமன்று அது. எமது குற்றமே. ஒளிமானி எதனை நோக்கி நிற்கின்றதோ அதனை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொள்ளும். விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும் பொருளுக்கு ஏற்றவாறே அதன் அளவு வகுக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்புச் சுவரோ விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவது. நடுத்தரச் சாம்பலிலும் நாலைந்து மடங்கு வெண்மையானது. முள்ளுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ‘ஒளி மிகுதி, குறைத்துக்கொள்’ என்று அது சொல்லும். குறைத்தால் வெண்சுவர் சாம்பலாகும், சாம்பலாயிருந்தது கருமையாகும், ஏற்கெனவே நிழலிலிருந்த கறுத்த முகம் இல்லாமலே போகும். முற்றத்து வெயிலுக்கும் தாழ்வார நிழலுக்கும் இடையே மட்டும் எட்டு மடங்கு, சில வேளைகளில் அதனினும் கூடிய வேறுபாடு உண்டு. நாம் நாலடி முன்னே சென்று ஆச்சியின் முகத்துக்கருகில் கருவியைப் பிடித்திருந்தால் போதும். இதனைப் பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே அறிந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எமது குடும்பமும் நடந்தது. ஆச்சி மறு ஆண்டு மாசியில், திரும்பி வருமுன்னரே, சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் காலமானார். ஊருக்கு மீண்டபோது வீட்டிலிருந்த அல்பங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. எமது மடக்கை அட்டவணைப் புத்தகத்தினுள் வைத்திருந்த நெகற்றிவ் துண்டு ஒன்று மட்டும் பிழைத்தது. ஆச்சியின் முப்பத்தோராம் நாளுக்கும் அதன்பின் ஆண்டுத் திவசங்களுக்கும் மாலை சூட்டப்பட்டது அந்த முகமில்லாத படத்துக்கே. கனடாவிலுள்ள மச்சாள் ஒருத்தி அண்மையில் அந்த நெகற்றிவ்வைப் பெற்று, நவீன வருடியில் இட்டுப் பார்த்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் படலம் கண்ணாடி போலத் தெளிவாயிருந்தது. விழாத ஒளியை எந்த யந்திரம் எடுத்துத் தரும்?

இக்கதை முழுவதையும் அம்மாணவனுக்குச் சொன்னோமல்லோம். முகத்துக்கருகிற் சென்று அளக்கவேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னோம்.

மீண்டும் கெனனெற்றுக்கு வருவோம். செலீனியத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. மங்கிய ஒளியில் அதன் முள் அசைவதேயில்லை. மாலை ஆறு மணிக்குப் பின் அது பயன்படாது. அன்றியும், ஈரமும் உப்புக்காற்றும் காலப்போக்கில் அதனைக் கெடுக்கும். கடல் சூழ்ந்த இந்நிலத்தில் உயிரோடிருக்கும் பழைய செலீனியம் ஒன்றைக் காண்பது அரிது. மாணவனின் அப்பப்பா பேணியில் இட்டு மூடி வைத்த பண்பை மெச்சவேண்டும். அறுபதுகளில் கட்மியம் சல்பைட்டு என்னும் பொருள் செலீனியத்தின் இடத்தைப் பிடித்தது. ஒளி படும்போது இதன் மின்தடை குறையும், ஆனால் தானாக மின் பிறப்பிக்காது, பற்றரி வேண்டும். அதற்குக் கைம்மாறாக மெழுகுதிரி வெளிச்சத்தையும் அளந்து சொல்லும். பேரொளியைக் கண்டபின் சிறிது நேரம் மயங்கி நிற்பது இதன் குணம். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவரின் கண்போல.

இக்கமராக்களுக்கு அக்காலத்திற் பயன்பட்டது இரசப் பற்றரி. அதன் அழுத்தம் 1.35 வோல்ற்று, தீர்ந்துபோகும் நாள்வரை அது ஏறத்தாழ மாறாதிருக்கும். அளவைக் கருவிக்கு இதனினும் சிறந்தது இல்லை. ஆயினும் இரசம் நஞ்சு. குப்பையிற் சேர்ந்து நீரிற் கலப்பது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் ஐரோப்பிய நாடுகளின் தடையும் அதன் விற்பனையை நிறுத்தின. நியாயமான முடிவே. ஆனால் இலட்சக்கணக்கான கமராக்கள் அதனால் உணவிழந்தன. அதே வடிவத்தில் இன்று கிடைக்கும் 1.5 வோல்ற்றுப் பற்றரியை இட்டால் முள் அளவுக்கு மிஞ்சி உயரும். ஒளி அதிகம் என்று பொய் சொல்லும். படம் இருண்டு வரும். அன்றியும் அப்பற்றரியின் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்குவதால் பொய்யின் அளவும் நாளுக்கு நாள் மாறும். காது கேட்கும் கருவிக்குரிய நாகக்காற்றுப் பற்றரி 1.4 வோல்ற்று அளவில் நிலையாக நிற்பது. சில கிழமைகளே உழைக்குமாயினும் இரசப் பற்றரிக்கு அதுவே நெருங்கிய உறவு. இதைச் சொன்னதும் மாணவன் முகம் மலர்ந்தது. “அப்பாச்சியின்ரை காதுக் கருவிக்கு வாங்கினது வீட்டிலை கிடக்கு, சேர்.”

பற்றரி இல்லாதபோது ஒவ்வொரு கமராவும் என்ன செய்கின்றது என்று பார்ப்பதே எமது தேர்வு. இது யாழ்ப்பாணத்தவர் தேர்வு என்றும் சொல்லலாம். கெனனெற்றைத் தானியங்கி நிலையில் வைத்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும்; அந்நிலையிலிருந்து துவார வளையத்தைத் திருப்பி எடுத்துவிட்டால் எல்லா வேகங்களிலும் முறையாக இயங்கும். 1966ஆம் ஆண்டில் வந்து உலகெங்கும் விற்பனையான யஷிக்கா இலெக்ரோ 35இன் ஷட்டர் மின்னால் ஆளப்படுவது. பற்றரி நீங்கினால் ஐந்நூற்றிலொரு செக்கன் என்ற ஒரே வேகந்தான். வெயிலில் அது போதும், வீட்டுக்குள் போதாது. லைக்காவின் எம் 3, 1954ஆம் ஆண்டில், ஒளிமானியே இல்லாமல் வந்தது. வேண்டுவோர் தலையிற் செருகிக்கொள்ளத் தனிக் கருவி இருந்தது. 1971ஆம் ஆண்டின் எம் 5இல்தான் ஒளிமானி உள்ளே புகுந்தது. படலத்தின் முன்னே ஒரு சிறு கரத்தில் நின்று அளந்துவிட்டு, படமெடுக்கும் கணத்தில் விலகிக்கொள்ளும். 1984ஆம் ஆண்டின் எம் 6இல் முள் நீங்கிச் செந்நிற முக்கோண விளக்குகள் வந்தன. பற்றரி தீர்ந்தால் விளக்குகள் அணையும், ஷட்டர் நிற்காது. 2022ஆம் ஆண்டில் அதனை மீண்டும் ஆக்கத் தொடங்கியபோதும் இந்த ஒழுக்கத்தைக் கைவிடவில்லை. அதன் விலையை இங்கே சொல்லாது விடுகின்றோம்; ஞாயிற்றுக்கிழமையில் எவரையும் வருத்தும் எண்ணம் எமக்கில்லை.

1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜோன் கிளென் பூமியை வலம்வந்தபோது கொண்டுசென்றது, கடையில் வாங்கிய மினோல்ற்றா ஹை-மற்றிக் வகைத் தூரமானிக் கமராவே. அதன் வில்லையைச் சுற்றியிருந்ததும் செலீனியந்தான்.

ஆச்சியின் முகத்துக்கு ஏற்ற கமரா எதுவாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. 1969ஆம் ஆண்டின் ஒலிம்பஸ் 35 எஸ்.பி. என்னும் கமராவில் ஒரு பொத்தானை அழுத்தினால் காட்சி முழுவதையும் விட்டு நடுவிலுள்ள சிறு வட்டத்தை மட்டும் அளக்கலாம். முற்றத்தில் நின்றபடியே தாழ்வாரத்து முகத்தை அளந்திருக்கலாம். ஆனால் அதுவும் இரசப் பற்றரிக் கமராவே. 1994இல் அதனை வைத்து என்ன செய்திருப்போம்?

ஒளிமானி இல்லாமலே படமெடுத்த பெரியோர் பலர். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசொன் 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். அம்மாதம் 14ஆந் திகதி இரவு ரமண மகரிஷி மகாசமாதி அடைந்தபோதும் அங்கேயே இருந்தார். அவர் கையிலிருந்த லைக்காவுக்குள் ஒளிமானி இல்லை. சித்திரை வெயில், வெள்ளை வேட்டிகள், கறுத்த மேனிகள், மண்டபத்து நிழல். நாம் ஆச்சியின் முன்னே கண்ட அதே சிக்கல்தான். அவர் கண்ணாலும் பழக்கத்தாலும் அளந்தார்.

அந்தப் பழக்கத்தின் அரிச்சுவடி மிக எளிது. நல்ல வெயிலில் துவார எண் 16 ஆக இருக்க, படச்சுருளின் வேக எண் 100 ஆயின், ஷட்டர் வேகம் நூற்றிலொரு செக்கன் அளவு. கமராவில் அதற்கு அண்மையான 125ஐ வைத்தால் போதும். திறந்த நிழலில் துவார எண்ணை 16இலிருந்து 5.6க்குக் கொண்டுவருக. இதனைக் குளிர்நாட்டு நூல்கள் வகுத்தனவாயினும் எமது வெயிலுக்கும் பொருந்தும்; ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இருமுறை நண்பகற் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகின்றது: சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களில் ஒருமுறை, ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி மற்றொருமுறை. அந்நாட்களில் உச்சிப்பொழுதில் எடுக்கும் படத்தில் எல்லோருடைய கண்களும் குழியாகிவிடும். மணற்காட்டு மணல்மேட்டில் மட்டும் கீழிருந்து எழும் வெளிச்சம் அக்குழிகளை நிரப்பும். அங்கே ஒளிமானி சொல்வதைக் கேட்டால் மனிதர் நிழலுருவாவர். மற்றவிடங்களில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் எடுப்பதே உத்தமம்.

அம்மாணவனுக்கு நாம் கற்பித்த உபாயம் ஒன்றே. முகம் இருக்கும் அதே நிழலில் உள்ளங்கையை நீட்டி, அதனருகே கருவியைப் பிடித்து அளக்க வேண்டும். உள்ளங்கையின் நிறம் மனிதருக்கு மனிதர் அதிகம் வேறுபடுவதில்லை. அது நடுத்தரச் சாம்பலிலும் ஏறக்குறைய இருமடங்கு வெளிறியது. ஆகவே காட்டும் அளவிலும் துவாரத்தை ஒரு படி கூடத் திறக்க வேண்டும். பிறகு எத்தனை வெள்ளைச் சுவர் பின்னால் நின்றாலும் வைத்த அளவை மாற்றலாகாது.

எந்தக் கமரா என்பதில் மட்டும் எமக்கும் அவனுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. நாம் கியெவ் என்றோம். அவன் கெனனெற் என்றான். படச்சுருள் மாட்டுவது எளிது, வில்லை அகலம் கூடியது, முள் சாளரத்தினுள்ளேயே தெரிகின்றது என்று காரணமும் சொன்னான். அவன் காரணங்கள் யாவும் சரியானவை. எமது காரணத்தை நாம் சொல்லவில்லை. ஒளிமானியின் குழியை எலுமிச்சம்புளி தோய்த்த பஞ்சால் துடைத்து, அப்பாச்சியின் பற்றரியை உள்ளே வைத்தபோது முள் எழுந்தது. கைத்தொலைபேசியில் உள்ள ஒளிமானிச் செயலியோடு ஒப்பிட்டோம். அரைப் படிதான் வேறுபாடு.

இலண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை இரண்டு கிழமைகளில் எடுத்து முடித்துக் கொண்டுவந்தான். அப்பாச்சியின் கையை நீட்டச் சொன்னபோது, “என்னடா, சாத்திரம் பாக்கப் போறியோ?” என்று கேட்டாராம். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே எடுத்த படமே நாலாவது என்றான்.

கல்லூரி இரசாயனவியல் கூடத்தில் சுருளைக் கழுவினோம். கழுவும் மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்கவேண்டும்; எமது குழாய் நீரோ முப்பதை நெருங்கி நின்றது. சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து பாத்திரத்தைச் சுற்றி அடுக்கினோம். கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. அதில் அலசினால் உலர்ந்தபின் படலத்தில் வெண்புள்ளிகள் படியும். ஆதலின் கடைசி அலசலுக்கு மழைநீரைச் சேர்த்து வைத்திருந்தோம்.

சுருளைக் கயிற்றில் தொங்கவிட்டதும் மாணவன் நாலாவது கட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது. “முகம் கறுப்பாய் வந்திட்டுது, சேர்.”

நெகற்றிவ்வில் முகம் கறுப்பாயிருந்தால் அங்கே ஒளி நிறைய விழுந்திருக்கின்றது என்று பொருள். சேலையின் மடிப்பும் கெடவில்லை. நாம் அந்தக் கட்டத்தைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தோம். பின்னர் அச்சிடுவதற்கு மறுநாள் வரும்படி சொல்லி அவனை அனுப்பினோம்.

கியெவ் இன்னும் எம்மிடந்தான் இருக்கின்றது. சுருள் ஒன்றை மாட்டித் தரும்படி கேட்டிருக்கின்றான். அப்பாச்சிக்கு அந்தக் கமராவைத்தான் ஞாபகமாம்.